பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போகலாமா?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை வாசித்தேன். நீங்கள் ஞானஸ்நானம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியிருக்கிறீர்கள். அம்மா இன்னும் பழைய வீட்டில், பழைய வழிபாட்டில் இருக்கிறார். உங்கள் சபையின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்த ஒரு செய்தி, வேதத்தில் இல்லாத பண்டிகையைக் கொண்டாடுகிறவர்கள் விக்கிரகத்தோடு பந்தியிருக்கிறார்கள் என்று சொல்லி, பொங்கல், தீபாவளியோடு கிறிஸ்துமஸையும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டது. அப்படியானால் டிசம்பரில் நட்சத்திரம் கட்டுவதையும் விட்டுவிட வேண்டியதுதானே என்று உங்கள் கணவர் கேட்கிறார். நீங்கள் கேட்டிருப்பது பண்டிகைகளின் பிறப்பைப் பற்றி. ஆனால் கடைசி வரியில், "தை முதல் நாள் அம்மா கூப்பிட்டால் நான் என்ன சொல்வது?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனத்தை அழுத்துவது அந்த வரிதான் என்று எனக்குத் தோன்றுவதால், வரலாற்றைச் சொல்லிவிட்டு அங்கேதான் வந்து நிற்கப் போகிறேன்.

நான் போதகர் அல்லன். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மெதடிஸ்ட் தமிழ்ச் சபை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேதபாட வகுப்பு நடத்தி வருகிறேன். அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உங்களைப் போலவே மாரியம்மன் கோயில் திருவிழாவைப் பார்த்து வளர்ந்து, பிறகு கிறிஸ்துவிடம் வந்தவர்கள். ஆகையால் மார்கழி பிறந்தால் இந்தக் கேள்வியும் என்னிடம் வந்துவிடும். நான் சொல்வது சீர்திருத்த சபைகளின் மரபில் நின்று வேதத்தை வாசித்தவனின் கருத்து. கத்தோலிக்கர்களுக்குத் திருச்சபையின் போதனை அதிகாரம் வழிகாட்டுகிறது, அங்கே இந்தக் கேள்வி வேறு உருவம் எடுக்கும். உங்கள் வீட்டு நிலவரத்தையும் உங்கள் கடிதத்தின் அளவுக்கே நான் அறிவேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் உறுதியானதைச் சொல்கிறேன். கிறிஸ்துவின் பிறந்தநாளைக் கொண்டாடும்படி வேதத்தில் எங்கும் கட்டளை இல்லை. அப்போஸ்தலர்கள் அதைக் கொண்டாடியதாகவும் இல்லை. அவர் பிறந்த நாள் எது என்று எந்தச் சுவிசேஷமும் கூறவில்லை. இதில் அந்தப் புலனச் செய்தி சொல்வது சரியே. ஆனால் கட்டளை இல்லாத எல்லாமே விலக்கப்பட்டவை என்று வேதமே நினைக்கவில்லை. மோசேயின் நியாயப்பிரமாணத்தில் பூரீம் பண்டிகை கிடையாது. தங்களை அழிக்கத் திட்டமிட்ட ஆமானின் கையிலிருந்து தப்பிய யூதர்கள் தாங்களே அந்த நாளை ஏற்படுத்திக்கொண்டார்கள் என்று எஸ்தர் புத்தகத்தின் ஒன்பதாம் அதிகாரம் சொல்கிறது. யோவான் 10:22இல் வரும் பிரதிஷ்டை பண்டிகையும் அப்படித்தான். அந்நிய அரசன் தீட்டுப்படுத்திய தேவாலயத்தை மக்கபேயர்கள் என்ற யூத வீரர்கள் கி.மு. 164இல் மீட்டுச் சுத்திகரித்ததன் நினைவு அது. மோசே கொடுத்த ஏழு பண்டிகைகளில் ஒன்றன்று. அந்தப் பண்டிகை நாளில், மாரிகாலத்தில், இயேசு தேவாலயத்தில் சாலொமோனுடைய மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தார் என்று யோவான் எழுதுகிறார். இந்த நாளை உங்களுக்கு யார் கட்டளையிட்டது என்று அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை.

பவுல் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். ரோமர் 14இல், ஒருவன் ஒருநாளை மற்றொரு நாளிலும் விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான் என்று சொல்லி, இருவரில் எவரையும் குற்றவாளியாக்காமல், "அவனவன் தன் தன் மனதில் முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்று முடிக்கிறார். பண்டிகை நாளைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்று கொலோசெயருக்கும் எழுதுகிறார். எதிர்த்தரப்பினர் காட்டும் வசனங்களையும் நான் மறைக்கக்கூடாது. நாட்களையும் மாதங்களையும் பார்க்கிறீர்களே என்று கலாத்தியரைப் பவுல் கண்டிக்கிறார். அங்கே பிரச்சினை, நாள் பார்த்தால்தான் தேவனுக்கு முன்பாக நீதிமானாக முடியும் என்று அவர்கள் நம்பத் தொடங்கியதே. அந்தக் கடிதம் முழுவதும் அதைப் பற்றியதுதான். இந்தக் கண்டிப்பு கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவனுக்குப் பொருந்துவது போலவே, கிறிஸ்துமஸைத் தவிர்ப்பதால் தான் தூய்மையானவன் என்று நினைக்கிறவனுக்கும் பொருந்தும். உபாகமம் 12இன் எச்சரிக்கை இதைவிடக் கனமானது. அந்த ஜாதிகள் தங்கள் தேவர்களைச் சேவித்த விதத்தில் என்னைச் சேவிக்கலாமா என்று கேட்டுக்கொண்டு போகாதே என்கிறார் கர்த்தர். பிள்ளைகளை அக்கினியில் சுட்டெரித்ததே அங்கே பெயர் சொல்லிக் கூறப்படும் அருவருப்பு. இந்த வசனம் தொழுகையின் முறையைப் பற்றியது. அதன் கூர்மையை மழுங்கடிக்க எனக்கு விருப்பமில்லை, பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

இனி டிசம்பர் 25. ரோமாபுரியில் கி.பி. 354இல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி ஏட்டில்தான் இந்தத் தேதி கிறிஸ்துவின் பிறந்தநாளாக முதன்முதலில் தெளிவாகக் காணப்படுகிறது. அதிலுள்ள பட்டியல் 336ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்வதாகக் கணிக்கிறார்கள். அதே ஏடு அதே தேதியை வெல்லப்படாத சூரியனின் பிறந்தநாளாகவும் குறிக்கிறது. பேரரசன் ஆரேலியன் அந்தச் சூரியனுக்கு 274இல் கோயில் எழுப்பியிருந்தான். இவ்வளவும் ஆவணத்தில் இருப்பவை. சூரிய விழாவைக் கிறிஸ்தவர்கள் எடுத்து மாற்றிக்கொண்டார்கள் என்பது அந்த ஆவணத்திலிருந்து பின்வந்தவர்கள் செய்த அனுமானம், நியாயமான அனுமானம்தான். ஆனால் எதிரே இன்னொரு விளக்கமும் நிற்கிறது. கிறிஸ்து மரித்த நாள் மார்ச் 25 என்ற கணக்கு கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் காலத்திலேயே இருந்தது. கிறிஸ்து கருவில் உருவான நாளும் அதுவே என்று கொண்டு, அதனுடன் ஒன்பது மாதத்தைக் கூட்டினால் டிசம்பர் 25 வருகிறது. இந்தக் கணக்கை ஆதிச் சபையின் ஆயர் அகுஸ்தீன் எழுதியே வைத்திருக்கிறார். எது முந்தியது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை ஒருமுகப்படவில்லை. ஆகையால் கிறிஸ்துமஸ் சூரிய வழிபாட்டிலிருந்து வந்தது என்று உங்களிடம் அடித்துச் சொல்கிறவரும், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொல்கிறவரும் தங்களிடம் இருக்கும் ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகிறார்கள்.

புலனத்தில் சுற்றும் வேறு சில கூற்றுகளை இவ்வளவு மரியாதையோடு நடத்த வேண்டியதில்லை. எரேமியா பத்தாம் அதிகாரத்தில் காட்டில் வெட்டி, வெள்ளியினாலும் பொன்னினாலும் அலங்கரிக்கப்படும் மரம் கிறிஸ்துமஸ் மரம் என்கிறார்கள். அந்தப் பகுதியை நிதானமாக வாசித்தால், தச்சன் வாச்சியால் செதுக்கி ஆணியடித்து நிறுத்தும் விக்கிரகத்தைப் பற்றியது என்பது தெரியும். அது பேசாது, நடக்காது, சுமக்கப்பட வேண்டும் என்று தீர்க்கதரிசி சொல்கிறார். வீட்டுக்குள் மரம் வைக்கும் வழக்கம் ஜெர்மன் பேசும் நாடுகளில், லூத்தரின் காலத்துக்குப் பிறகு பரவியது. 1605ஆம் ஆண்டு ஸ்திராஸ்பூர்க் நகரக் குறிப்பொன்று, காகித ரோஜாக்களும் ஆப்பிள்களும் தொங்கவிட்ட மரங்களை வீடுகளில் வைத்தார்கள் என்று சொல்கிறது. ஈஸ்டர் என்ற சொல் இஷ்தார் என்னும் பாபிலோனிய தேவியின் பெயர் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் போதகர் ஒருவர் பரப்பிய கருத்து. மொழியியலில் அதற்கு ஆதாரம் இல்லை. ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு பழைய ஜெர்மானிய தேவியின் பெயரைக் காரணம் சொன்னவர் 8ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் துறவி பீட். அவர் சொன்னது மெய்யாகவே இருந்தாலும், அது ஆங்கிலச் சொல்லின் கதை. பாஸ்கா என்றும் உயிர்த்தெழுந்த ஞாயிறு என்றும் சொல்லும் நமக்கு அதனால் என்ன?

அந்த ஞாயிறு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனின் நாள். திங்கள் நிலவு; செவ்வாயும் புதனும் வியாழனும் வெள்ளியும் சனியும் கோள்கள்; அவற்றைத் தெய்வங்களாக வணங்கியவர்களிடமிருந்தே வார நாட்களின் பெயர்கள் வந்தன. சனிக்கிழமை எண்ணெய் வாங்கக் கூடாது என்று என் பாட்டி பயந்தார். அந்தப் பயத்தை நம் வீட்டில் விட்டுவிட்டோம், ஆனால் சனிக்கிழமை என்ற பெயரை விடவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் போகும் எந்த விசுவாசியும் அன்று சூரியனை வணங்குவதில்லை. ஒரு வழக்கம் தோன்றிய இடத்தின் அழுக்கு அதன்மேல் என்றென்றைக்கும் ஒட்டியிருக்குமானால் நாம் நாள்காட்டியைக்கூடச் சுவரில் மாட்ட முடியாது. அதனால்தான், ஒரு பண்டிகை எங்கே பிறந்தது என்ற ஆராய்ச்சியால் மட்டும் உங்கள் கேள்வி தீராது என்கிறேன்.

சபையின் வரலாற்றிலும் இரு போக்குகளைக் காணலாம். 601ஆம் ஆண்டில் ரோமாபுரியின் ஆயர் கிரகோரி, இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த மெல்லித்துஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், அங்குள்ள கோயில்களை இடிக்காமல் விக்கிரகங்களை மட்டும் அகற்றும்படியும், பேய்களுக்கு மாடு பலியிட்ட மக்கள் இனித் தேவனுக்கு நன்றி செலுத்தி விருந்துண்ணும்படி பண்டிகை வைத்துக் கொடுக்கும்படியும் சொன்னார். இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். 1681 வரை அது நீடித்தது. அந்தச் சட்டம் போட்டவர்கள் அரைகுறை விசுவாசிகள் அல்லர், வேதத்தை நம்மைவிட அதிகம் மனனம் செய்தவர்கள். ஆகையால் உங்கள் சபையில் கிறிஸ்துமஸ் வேண்டாம் என்கிறவரைப் பைத்தியக்காரர் போல நடத்தாதீர்கள். அவருக்குப் பின்னால் ஒரு நீண்ட மரபு இருக்கிறது.

தமிழ்ச் சபைக்கோ இந்த வழக்கு நானூறு ஆண்டு பழையது. 1606இல் மதுரைக்கு வந்த, தத்துவ போதகர் எனப்பட்ட கத்தோலிக்கத் துறவி ராபர்ட் தே நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்களே, வழிபாட்டுச் சின்னங்கள் அல்ல என்று வாதாடினார்; 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். ரோமாபுரித் தூதராக வந்த தூர்னோன் 1704இல், பிள்ளையார் உருவம் பதித்த தாலி உட்படப் பல வழக்கங்களுக்குத் தடை விதித்தார். பிள்ளையார் போனார், தாலி போகவில்லை. இன்று நம் வீட்டுப் பெண்கள் சிலுவையோ புறாவோ பதித்த தாலியை அணிந்திருக்கிறார்கள். சகோதரி, உங்கள் கழுத்திலும் அது இருக்கலாம். சீர்திருத்த சபையில், தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் புதிதாக வந்த மிஷனரிகளோடு மோதியதற்கான காரணங்களில் பூ அலங்காரமும் தமிழ்க் கீர்த்தனையும் இருந்தன. அந்தக் கீர்த்தனைகள் இல்லாமல் நம் ஆராதனையை இன்று நினைத்துப் பார்க்க முடியுமா? ஆனால் அதே சாஸ்திரியார் சாதிப் பிரிவினையையும் வழக்கம் என்ற பெயரால் காக்கப் பார்த்தார். இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். ஒரு வழக்கத்தில் விக்கிரகம் இருக்கிறதா என்று மட்டும் தேடுகிறவர்கள், அதில் அயலானுக்குத் தீங்கு இருக்கிறதா என்று தேட மறந்துவிடுகிறார்கள். பொங்கல் பானையைக் கண்டு பதறும் சில குடும்பங்கள், பெண் பார்க்கும்போது சாதி கேட்பதில் எந்தத் தயக்கமும் காட்டுவதில்லை என்பதை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். என் கணிப்பில் இரண்டாவதுதான் கிறிஸ்துவின் பந்திக்கு அதிகத் தூரமானது.

எல்லைக்கோடு எங்கே என்பதைப் பவுல் 1 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்திலும் பத்தாம் அதிகாரத்திலும் எழுதியிருக்கிறார். கொரிந்து நகரத்து விசுவாசிகள் நம்மைப் போலவே, தாங்கள் மட்டும் மாறி, உறவினரும் அண்டை வீட்டாரும் மாறாத சூழலில் வாழ்ந்தவர்கள். கர்த்தருடைய போஜனபந்திக்கும் பேய்களுடைய போஜனபந்திக்கும் ஒரே நேரத்தில் பங்குள்ளவர்களாய் இருக்க முடியாது. இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. கடையில் விற்கப்படுகிறதை விசாரியாமல் வாங்கிச் சாப்பிடலாம். நம்பாதவர் ஒருவர் வீட்டு விருந்துக்கு அழைத்து, உங்களுக்கும் போக மனதிருந்தால், முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம். ஆனால் இது விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது என்று ஒருவர் சொல்லிவிட்டால், அப்படிச் சொன்னவர் நிமித்தமும் மனச்சாட்சியின் நிமித்தமும் சாப்பிட வேண்டாம். சோறு அதே சோறுதான். சொன்ன வார்த்தை அதை ஓர் அறிக்கையாக மாற்றிவிடுகிறது. இப்போது சாப்பிட்டால் அந்தத் தெய்வத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன் என்று பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார். ஆகையால் ஒவ்வொரு பண்டிகையிலும் நான் கேட்டுப் பார்ப்பது இதுதான்: இந்தச் செயலில் இன்று யாருக்கு மகிமை போகிறது, பக்கத்தில் நிற்கிறவர் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்? உபாகமம் 12இன் கூர்மையும் இங்கேதான் பாய்கிறது. தொழுகையைக் கடன் வாங்காதே என்கிறது அது. சோற்றையும் உறவையும் பற்றி அது பேசவில்லை.

இந்த அளவுகோலைப் பொங்கலின்மேல் வைத்துப் பாருங்கள். தோட்டத்தில் நமக்கு வயல் ஏது? ரப்பர் மரத்தில் பால் வெட்டினோம், பிறகு செம்பனைக் குலை அறுத்தோம். அறுவடை என்ற சொல்லே பாட்டன்மார் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த நினைவு. இருந்தும் தை முதல் நாள் விடியலில் லயத்து வாசலில் மூன்று கல் கூட்டி, விறகு மூட்டி, மஞ்சள் கொத்து கட்டிய பானையில் பால் ஊற்றி, அது பொங்கி வழியும்வரை பிள்ளைகள் குந்தியிருந்து பார்த்தோம். பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று பெரியவர்கள் கவனிப்பார்கள். எங்களுக்குப் பானையின் வெளிப்புறத்தில் வழிந்து கருகும் பாலின் வாசனையே பண்டிகை. இதில் பால் பொங்குவது சமையல். "பொங்கலோ பொங்கல்" என்பது மகிழ்ச்சிக் கூவல். கரும்பும் புதுப் பானையும் நிறைவின் அடையாளம். ஆனால் கிழக்கே பார்த்து இலை போட்டு, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, சூடம் ஏற்றி, கதிரவனுக்குப் படைத்துக் கும்பிடும்போது அது வழிபாடாகிறது. சூரியன் பிரகாசிப்பதைக் கண்டு என் மனம் இரகசியமாய் மயங்கி, என் வாய் என் கையை முத்தமிட்டதுண்டானால் அது அக்கிரமம் என்று யோபு 31இல் சொல்லப்படுவது, ஏறக்குறைய இந்த இடத்தைப் பற்றியதே. முதல் பகுதியில் நீங்கள் தாராளமாக நிற்கலாம். இரண்டாம் பகுதியில் கைகூப்பக் கூடாது. எனக்கு இதில் சந்தேகமில்லை.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாள் வேதத்துக்கு அந்நியமன்று என்பதையும் சொல்ல வேண்டும். உபாகமம் 26இல் முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவருகிறவன், தன் தகப்பன் அலைந்து திரிந்ததையும், எகிப்தில் கடினமாய் ஒடுக்கப்பட்டதையும், கர்த்தர் விடுவித்ததையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு லேவியனோடும் அந்நியனோடும் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும். நம் சபையில் பல ஆண்டுகளாகத் தை மாதத்து முதல் ஞாயிறு நன்றி ஆராதனையில் இந்த அதிகாரத்தை வாசிக்கிறோம். வெளியே வளாகத்தில் ஒரு பானைப் பொங்கல் வைக்கிறோம். சூடம் இல்லை, படையல் இல்லை. முதல் கரண்டி வயதான விதவைகளுக்குப் போகிறது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய தன் மாமனாரின் கதையை மூதாட்டி ஒருவர் ஒருமுறை அங்கே நின்று சொன்னார். இந்த நாட்டுத் தமிழ்க் கத்தோலிக்கக் கோயில்களிலும் பொங்கல் திருப்பலி நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இப்படிச் செய்யத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புதிதாக வந்த ஒருவருக்கு அந்தப் பானையின் பக்கம் நின்றாலே பழைய நாட்கள் நினைவுக்கு வந்து மனம் கலங்குமானால், அவர் தள்ளியிருப்பதே நல்லது. அப்படிப்பட்ட ஒருவர் எங்கள் சபைக்கு வந்தபோது இரண்டு ஆண்டுகள் பானையையே வைக்காமல் விட்டோம்.

தீபாவளியில் எனக்கு இவ்வளவு தெளிவு இல்லை. நரகாசுரனைக் கிருஷ்ணன் கொன்ற கதையோடு அது நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது. சமணர்களுக்கு அதே காலம் மகாவீரர் முக்தியடைந்த நாள். வடக்கே இராமனின் கதை. பொங்கலைப் போலப் பிரித்தெடுக்க அங்கே ஒரு பொதுவான நன்றி விழா எனக்குத் தெரியவில்லை. ஆகையால் நான் என் வீட்டில் அதைக் கொண்டாடுவதில்லை. அதே வேளையில், கொண்டாடுகிறவர் வீட்டுக்குப் போவது வேறு காரியம். திறந்த இல்ல விருந்துக்குப் போவேன், வாழ்த்துச் சொல்வேன், ஆட்டுக்கறிக் குழம்பும் தோசையும் சாப்பிடுவேன், பிள்ளைகளுக்கு அங் பாவ் (பண உறை) கொடுப்பேன்.

எப்போதும் இப்படி நடந்தவன் அல்லன் நான். இருபத்திரண்டு வயதில், ஓர் எழுப்புதல் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த சூட்டில் இருந்தபோது, தீபாவளிக் காலையில் பக்கத்து வீட்டு அக்கா தன் மகளிடம் ஒரு தட்டுக் கொடுத்தனுப்பினார். எவர்சில்வர் தட்டு, மேலே நாளிதழ்த் தாள் மூடி, அடியில் நெய் ஊறிய அதிரசமும் முறுக்கும் இரண்டு நெய்யுருண்டையும். வழக்கமாக என் அம்மா பலகாரத்தை எடுத்துக்கொண்டு, வெறும் தட்டாகத் திருப்பக் கூடாதென்று அதில் ஒரு பிடி சீனி போட்டு அனுப்புவார். அன்று அம்மா பின்கட்டில் இருந்தார். நான் வாசலில் நின்று, இது நாங்கள் தொடக்கூடாதது என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லித் தட்டை அப்படியே திருப்பிவிட்டேன். படைத்ததா என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பவுல் எந்தக் கேள்வியைக் கேட்காதே என்றாரோ, அதைக் கேட்காமலே பதிலை முடிவு செய்துவிட்டேன். அதன்பின் நான்கு தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து தட்டு வரவில்லை. எங்கள் கிறிஸ்துமஸ் கேக்கை அம்மா எடுத்துப்போன போதும் அக்கா வாசலிலேயே வாங்கிக்கொண்டார், உட்காரச் சொல்லவில்லை. ஐந்தாம் ஆண்டு நானே போய் மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கி சாமிக்கு வைக்கிறதுக்கு முன்னாலயே உங்களுக்குன்னு எடுத்து வச்சது தம்பி. உங்கம்மா சாப்பிடமாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அந்தச் சொல்லை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் கூசுகிறது. நம் நம்பிக்கையை அவர் நாம் நினைப்பதைவிட நன்றாக அறிந்து, அதற்கு இடமும் விட்டு வைத்திருந்தார்.

பிரசாதம், விபூதி, தீர்த்தம் ஆகியவற்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவற்றை வாங்கிக்கொள்வதே ஒரு வழிபாட்டுச் செயல் என்பதால், அவை பவுல் சொன்ன விருந்துச் சோற்றில் சேரமாட்டா. இரண்டு கையையும் மார்பருகே வைத்து, "மன்னிச்சிக்குங்க, நான் வாங்குறதில்ல" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் போதும். இந்த ஊரில் அதற்கு யாரும் கோபித்துக்கொண்டதை நான் கண்டதில்லை. வேலை நிமித்தமாகக் கோயிலுக்குள் நிற்க நேர்ந்தால் சீரிய நாட்டுப் படைத்தலைவன் நாகமானை நினைத்துக்கொள்ளுங்கள். தன் எஜமான் தன் கையின்மேல் சாய்ந்து ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலில் பணியும்போது தானும் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் இதை மன்னிப்பாராக என்று அவன் எலிசாவிடம் கேட்டான். தீர்க்கதரிசி அதற்கு விளக்கவுரை எதுவும் கொடுக்காமல், சமாதானத்தோடே போ என்றார். அந்தப் பதில் அனுமதியா, ஒரு புதிய விசுவாசியின்மேல் காட்டிய பொறுமையா என்பதில் விளக்கவுரையாளர்கள் வேறுபடுகிறார்கள். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஆகையால் இதை வழக்கமாக்கிக்கொள்ள அந்த வசனத்தைக் காட்ட மாட்டேன்.

தமிழ்ப்பள்ளியில் உங்கள் மகன் பொங்கல் விழாவில் கலந்துகொள்ளலாமா என்றால், தாராளமாகக் கலந்துகொள்ளட்டும். சாமி கும்பிடும் வேளையில் ஒதுங்கி நிற்க அனுமதிக்கும்படி வகுப்பாசிரியரிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள், ஆசிரியர்கள் இதற்குப் பழகியவர்கள். அன்னையர் தினம், பிறந்தநாள் போன்றவை என்னைப் பொறுத்தவரை விவாதத்துக்கே உரியவை அல்ல. அன்னையர் தினம் 1908இல் அமெரிக்காவில் ஒரு மெதடிஸ்ட் ஆலயத்து ஆராதனையில் தொடங்கியது. வேதத்தில் பார்வோனும் ஏரோதும் பிறந்தநாள் கொண்டாடினார்கள், ஆகவே பிறந்தநாளே கூடாது என்பது, பார்வோன் அப்பம் சாப்பிட்டான் ஆகவே அப்பம் கூடாது என்பதைப் போன்ற தர்க்கம்.

உங்கள் கணவர் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸை விட்டுவிட அவர் விரும்பினால் அதில் பாவம் இல்லை, கொண்டாடினால் அதில் புண்ணியமும் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் இருவரும் வெவ்வேறாக நடப்பது பிள்ளையைக் குழப்பும். டிசம்பரில் கரோல் பாட லாரியில் ஏறித் தோட்டம் தோட்டமாகப் போகும்போது, கொட்டும் மழையில், இந்து வீடுகள் கதவைத் திறந்து வைத்துச் சூடாக மைலோ கலக்கிக் கொடுப்பதை அவர் ஒருமுறை வந்து பார்க்கட்டும். வார்த்தை மாம்சமானார் என்ற செய்தியை ஆண்டு முழுவதும் நம்மைக் கேட்காதவர்கள் அந்த ஓர் இரவில் நின்று கேட்கிறார்கள். இந்த வாசலை மூடிவிட எனக்கு மனம் வராது. புலனச் செய்தி அனுப்பியவரோடு குழுவில் வாதாட வேண்டாம். அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும் என்று பவுல் இந்த விவகாரத்தைத் தொடங்கும்போதே எழுதியிருக்கிறார். உங்களுக்கு வாதாட வேண்டுமென்றால் அவரை வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுத்துப் பேசுங்கள். பவுலின் கடிதத்தில் மனச்சாட்சியில் பலவீனன் என்று சொல்லப்படுகிறவன் அவரா நீங்களா என்பது அப்போது இருவருக்குமே புலப்படலாம்.

இனி உங்கள் அம்மா. உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக என்ற கற்பனைக்கு, அவர்கள் விசுவாசிகளாக இருந்தால் மட்டும் என்ற நிபந்தனை இல்லை. போங்கள், சகோதரி. ஆனால் தை முதல் நாள் காலையில், உறவினர் கூடியிருக்கும் வாசலில் நின்று விளக்கம் சொல்லும்படி நேர வேண்டாம். மார்கழி முடிவதற்குள் ஒரு சாயங்காலம் தனியாகப் போய் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். "அம்மா, நான் வர்றேன், கோலம் போடுறேன், பானை பக்கத்துல உட்கார்ந்து உங்களுக்கு அடுப்பு தள்ளித் தர்றேன். படைக்கும்போது மட்டும் நான் உள்ளே போய் நிக்கிறேன், கும்பிட மாட்டேன். எனக்குக் கொஞ்சம் முன்னாலயே எடுத்து வச்சிடுங்க" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அவர் முதலில் அழலாம், ஒருவேளை திட்டலாம். பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் படையலில் நிற்கச் சொல்லி வற்புறுத்தினால் மட்டும் இணங்காதீர்கள். புதுப் பானையும் பச்சரிசியும் வெல்லமும் இந்த முறை உங்கள் செலவில் வாங்கிக்கொண்டு போங்கள். அன்று இரவே திரும்பிவிடாமல், அடுத்த நாளும் தங்கிப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள்.